பழைய லக்சரி கார்ல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மக்கர் பண்ணுதா? அறிகுறிய வச்சு கண்டுபிடிக்கிற வழி

பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஜாகுவார், லெக்சஸ்னு ஏதாவது ஒண்ணு வச்சிருக்கவங்களும் சரி, செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களும் சரி, முதல்ல கேக்குறது கியர்பாக்ஸ் எத்தன கிலோமீட்டர் தாங்கும்னுதான். வெறும் கிலோமீட்டர வச்சு இதுக்கு பதில் சொல்லவே முடியாது. ஒரே மாடல் கியர்பாக்ஸ் ஒரு வண்டில 4 லட்சம் கிமீ தாண்டியும் வெண்ணெய் மாதிரி கியர் மாத்தும், இன்னொரு வண்டில 1.5 லட்சத்துலயே செத்துப்போயிருக்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் பாத்தா ஆயில் மாத்துனாங்களா, எவ்வளவு சூட்டுல ஓடுச்சு, கூலன்ட் உள்ள போச்சா, சின்ன லீக்க கவனிச்சாங்களா இவ்வளவுதான் இருக்கும். உள்ள இருக்கிற பல்சக்கரம் தேஞ்சு போறது ரொம்ப அபூர்வம், முதல்ல போறது ரப்பர் சீல், ஓ-ரிங், கனெக்டர், ஸ்பீடு சென்சார், சொலினாய்டு (ஆயில் பிரஷர திறந்து மூடுற கரண்ட் வால்வு), கிளட்ச் மேல ஒட்டியிருக்கிற பேப்பர் லைனிங், இதுங்கதான்.

அதனாலதான் "கியர்பாக்ஸ் போச்சு, மொத்தமா மாத்தணும்"னு யாராவது சொன்ன உடனே தலையாட்டாதீங்க. இருபது வயசு வண்டில அந்த தீர்ப்பு வர்ற நேரத்துல பாதிக்கு மேல கியர்பாக்ஸ் உள்ள நல்லாவேதான் இருக்கும்ங்கறது என் உறுதியான எண்ணம்.

"லைஃப்டைம் ஆயில்"ங்கற கத

1996-ல மெர்சிடிஸ் 722.6ங்கற 5 ஸ்பீடு பாக்ஸ கொண்டு வந்தப்ப ஆயில் மாத்தவே வேணாம்னு சொல்லித்தான் வந்துச்சு, ஆயில் பாக்குற குழாய் இருக்கும் ஆனா உள்ள டிப்ஸ்டிக் இருக்காது, மேல மூடி போட்டு லாக் பண்ணிருப்பாங்க. பிஎம்டபிள்யூவும் இசட்எஃப் பாக்ஸ் போட்ட வண்டிகள்ல அதையேதான் சொன்னாங்க. ஆனா அந்த பாக்ஸ செஞ்ச இசட்எஃப் கம்பெனி சொல்றது வேற, 80,000-லேர்ந்து 1,20,000 கிமீக்குள்ள இல்லன்னா 8 வருஷத்துக்கு ஒரு தடவ ஆயில் மாத்தணும்னு. செஞ்சவன் பேச்சதான் நான் கேப்பேன். ஆயில் மாத்தாத வண்டிக்கு வர்ற பாதி அறிகுறி அந்த ஒரே காரணத்தாலதான் வருது.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல இத பாருங்க

பேட்டரி. சிரிக்காதீங்க, பழைய ஐரோப்பிய வண்டில வோல்டேஜ் இறங்குனா கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்தான் முதல்ல குழம்பும், சம்பந்தமே இல்லாம நாலஞ்சு ஃபால்ட் கோடு (கோளாற காட்டுற நம்பர்) வரும். எஞ்சின் ஓடும்போது சார்ஜிங் 13.5-லேர்ந்து 14.5 வோல்ட்டுக்குள்ள இருக்கணும், அது இல்லன்னா மொதல்ல அத சரி பண்ணுங்க.

அடுத்தது ஸ்கேனர். எல்லா காருக்கும் பொதுவான சின்ன ஸ்கேனர் போட்டா "பி0700"னு மட்டும் காட்டும், அதுக்கு அர்த்தம் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்ல ஏதோ ஒரு கோடு இருக்கு போய் அங்க பாருங்கறது மட்டும்தான். அந்தந்த பிராண்டுக்கான ஸ்கேனர்ல கியர்பாக்ஸ் மாட்யூலுக்கு உள்ள போய் படிக்கணும், படிச்சத எழுதி வச்சுட்டு அழிச்சுட்டு, வண்டிய ஓட்டிட்டு எது திரும்ப வருதுன்னு பாக்கணும். திரும்பி வர்ற கோடுதான் உண்மையான கோடு.

மூணாவது ஆயில் லெவல், இதுலதான் நிறைய பேர் கோட்ட விடுறாங்க. வண்டி சமமான தரைல இருக்கணும், எஞ்சின் ஓடிட்டே இருக்கணும், ஆயில் சரியான சூட்டுல இருக்கணும். 722.6-க்கு 80 டிகிரி, அதுக்குன்னு இருக்கிற டிப்ஸ்டிக்க விட்டு பாக்கணும். இசட்எஃப்போட 6 ஸ்பீடு பாக்ஸ் 6எச்பி26-க்கு 30-லேர்ந்து 50 டிகிரிக்குள்ள, பக்கவாட்டுல இருக்கிற ஃபில்லர் பிளக்க கழட்டுனா ஆயில் மெல்லிசா வழியணும். எஞ்சின ஆஃப் பண்ணிட்டு கழட்டுனா டார்க் கன்வர்ட்டர்ல (எஞ்சின் சக்திய ஆயில் வழியா கியர்பாக்ஸுக்கு கடத்துற பார்ட்) இருக்கிற ஆயில் கீழ இறங்கி நிறைய கொட்டும், அத பாத்துட்டு "ஆயில் ஜாஸ்தியா இருக்கே"ன்னு நெனச்சுக்கிட்டு குறைச்சு விட்ருவாங்க, அப்பறம் அந்த வண்டி வளைவுல திரும்பும்போதெல்லாம் கியர் ஸ்லிப் ஆகும், அதாவது எஞ்சின் சுத்தும் வண்டி இழுக்காது. சூடு எவ்வளவுன்னு ஸ்கேனர்ல பாத்துதான் செய்யணும், கைய வச்சு தொட்டு பாத்து சொல்றதெல்லாம் கணக்குல சேராது.

அப்படியே ஆயில ஒரு வெள்ள டிஷ்யூ மேல ஊத்தி பாருங்க. சிவப்பு இல்ல லேசான பழுப்புன்னா சரி. கருப்பா கருகுன வாடை அடிச்சா கிளட்ச் எரிஞ்சிருக்கு. பால் கலந்த மாதிரி ரோஸ் கலர்ல நுரைச்சு இருந்தா கூலன்ட் கலந்துருச்சு, வண்டிய அதுக்கப்பறம் ஓட்டாதீங்க. ஒரு விஷயம், இசட்எஃப் 5 ஸ்பீடு பாக்ஸ்ல கம்பெனி ஊத்துற ஆயிலே மஞ்ச கலர்தான், சிவப்பா இல்லையேன்னு பயப்பட வேணாம்.

காலைல டிரைவ் போட்டா ரெண்டு மூணு செகண்ட் கழிச்சுதான் நகருது

இதுல கவனிக்க வேண்டியது குளிர்ச்சியா இருக்கும்போது வருதா, சூடான பிறகு வருதாங்கறது. ராத்திரி நிறுத்தி காலைல மட்டும் லேட் ஆகி, அப்பறம் நாள் முழுக்க நல்லா இருந்துச்சுன்னா ஒண்ணு ஆயில் லெவல் குறைவு, இல்ல கன்வர்ட்டர்ல இருக்கிற ஆயில் ராத்திரி முழுக்க கீழ இறங்கிடுது, இல்ல கிளட்ச் பிஸ்டன் சீல் வயசாகி கெட்டியாயிருச்சு. சூடு ஏறுனா ரப்பர் கொஞ்சம் இளகி பிடிச்சுக்கும், அதனாலதான் பிறகு சரியாகுது. இந்த நிலைல இருக்கிற வண்டி ரொம்ப நாள் ஓடும், ஆயிலும் ஃபில்டரும் மாத்தி லெவல் சரி பண்ணாலே பல நேரம் குறைஞ்சிரும்.

இதுக்கு நேரெதிரா காலைல நல்லா இருந்து, ஒரு மணி நேரம் டிராஃபிக்ல ஓட்டுன பிறகு லேட் ஆச்சுன்னா அது கொஞ்சம் கவலப்பட வேண்டிய விஷயம். சூட்டுல ஆயில் தண்ணியாகுது, எங்கயோ உள்ள பிரஷர் கசியுது, பம்போ வால்வ் பாடியோ (ஆயில எந்த கிளட்ச்சுக்கு அனுப்பணும்னு பிரிச்சு விடுற பாகம்) சீலோ தேஞ்சிருக்கு. 6எச்பி26-ல மெக்கட்ரானிக்குக்கும் (வால்வ் பாடியும் கம்ப்யூட்டரும் சேந்த யூனிட்) பாக்ஸுக்கும் நடுவுல இருக்கிற பிரிட்ஜ் சீலும் ரப்பர் குழாய்களும் இதுக்கு பேர் போனது, அந்த ரப்பர் எல்லாமே சின்ன சின்ன பார்ட்டுதான், பாக்ஸ கீழ இறக்காமலே சம்ப்ப (அடில இருக்கிற ஆயில் தட்டு) கழட்டி மெக்கட்ரானிக்க இறக்கி மாத்திரலாம், ஆனா இத தெரியாதவங்க கிட்ட போனா மொத்த பாக்ஸுக்கும் எஸ்டிமேட் வரும்.

ரிவர்ஸ் மட்டும் லேட்டாகுதுன்னா, நிறைய பாக்ஸ்கள்ல ரிவர்ஸுக்கு மத்த கியர விட அதிக பிரஷர் வேணும், அதனால பிரஷர் பலவீனம் அங்கதான் முதல்ல வெளிய தெரியும். முன்னாடி போறது நல்லாத்தான இருக்குன்னு விட்றாதீங்க.

ஒரே கியர்ல மாட்டிக்கிச்சு, மேல ஏறவே மாட்டேங்குது

இதுதான் லிம்ப் மோட். கம்ப்யூட்டருக்கு ஏதோ ஒரு சிக்னல் புரியலன்னா பாக்ஸ காப்பாத்த ஒரே கியர்ல பூட்டி வச்சிரும். 722.6-ல கோளாறு போகாம இருந்தா ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் 2-வது கியரும் ரிவர்ஸும் மட்டும் இருக்கும். பயப்பட வேண்டிய அளவு பெருசா தெரியும், ஆனா எல்லா அறிகுறியிலயும் இதுதான் பெரும்பாலும் சுலபமா முடியிறது, ஏன்னா எலெக்ட்ரிக்கல் சமாச்சாரம்.

சாவிய ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் விட்டு ஸ்டார்ட் பண்ணி பாருங்க. எல்லா கியரும் திரும்ப வந்து, பிறகு எப்பவாவது ஒரு தடவ மறுபடி மாட்டுச்சுன்னா சென்சார், ஒயர், கனெக்டர் பக்கம் போங்க. 722.6-ல பாக்ஸ் பக்கவாட்டுல 13 பின் கனெக்டர் ஒண்ணு இருக்கும், அது உக்காந்திருக்கிற பிளாஸ்டிக் புஷ்ல ரெண்டு ஓ-ரிங், அது கெட்டியாகி ஆயில் கசிஞ்சு கனெக்டருக்குள்ள போயி, அதோட விடாம ஒயருக்கு உள்ளயே ஊர்ந்து ஊர்ந்து மேல கம்ப்யூட்டர் வரைக்கும் ஏறிரும். கேக்க நம்ப முடியாது, ஆனா கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் பிளக்க கழட்டுனா அங்க சிவப்பா ஆயில் இருக்கும். அந்த புஷ் மிக சின்ன பார்ட். அத மாத்தி, கனெக்டரையும் பிளக்கையும் கான்டாக்ட் கிளீனர் போட்டு சுத்தம் பண்ணி பாத்துட்டுதான் மேற்கொண்டு பேசணும்.

அதுக்கும் சரியாகலன்னா உள்ள இருக்கிற கன்டக்டர் பிளேட், ஸ்பீடு சென்சாரெல்லாம் அதுலதான் இருக்கு, சம்ப்ப கழட்டி மாத்துற வேலைதான். 2003-ல வந்த 722.9, அதாவது 7 ஸ்பீடு பாக்ஸ்ல கத கொஞ்சம் மாறுது, கம்ப்யூட்டரே பாக்ஸுக்குள்ள ஆயில்ல குளிச்சுக்கிட்டு கன்டக்டர் பிளேட்டோட சேந்து இருக்கு. சென்சார் போனா மொத்த பிளேட்டும் மாத்தணும், புதுசு போட்டா அந்த வண்டிக்கு கோடிங் பண்ணணும், வேற வண்டிலேர்ந்து கழட்டுனத அப்படியே மாட்டுனா வண்டி அத ஏத்துக்காது. இந்த வேலைக்கு கோடிங் வசதி இருக்கிற இடமான்னு கேட்டுட்டு விடுங்க.

60-லேர்ந்து 90 கிமீ வேகத்துல லேசா ஆக்சிலரேட்டர் வச்சு போகும்போது வண்டி நடுங்குது

ரோட்டுல வரிசையா போட்ட சின்ன மேடு மேல ஓடுற மாதிரி ஒரு டர்ர்ர்னு நடுக்கம், ரெண்டு மூணு செகண்ட், அப்பறம் போயிரும். பெரும்பாலும் டார்க் கன்வர்ட்டருக்குள்ள இருக்கிற லாக்கப் கிளட்ச், சீரா போகும்போது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியா பூட்டுறது. ஆனா எஞ்சின் மிஸ்ஃபயரும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும், இக்னிஷன் காயில் போனதுக்கு கன்வர்ட்டர மாத்துன கதையெல்லாம் நிறைய உண்டு, அதனால பிரிச்சு பாக்கணும்.

நடுக்கம் வர்ற வேகத்துல சீரா போயிக்கிட்டே, பின்னாடி யாரும் இல்லாதப்ப, பிரேக் லைட் எரியற அளவுக்கு மட்டும் பிரேக்க லேசா தொடுங்க, ஆக்சிலரேட்டர எடுக்காதீங்க. நிறைய வண்டில பிரேக் சிக்னல் வந்த உடனே லாக்கப் விட்ரும், ஆர்பிஎம் கொஞ்சம் ஏறும். அந்த நொடில நடுக்கமும் நின்னா லாக்கப் கிளட்ச்தான். நிக்கலன்னா காயில், பிளக், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்ல இருக்கிற ரப்பர் டிஸ்க், இதெல்லாம் பாருங்க. ஸ்கேனர் இருந்தா லாக்கப் ஸ்லிப் ஆர்பிஎம்ம லைவா பாக்கலாம், அது இன்னும் தெளிவு. பி0741 வந்துச்சுன்னாலும் இதே இடம்தான்.

காரணம் பழைய ஆயிலா இருந்தா நல்லது. ஆயில்ல இருக்கிற ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் (கிளட்ச் உரசல சீரா வைக்கிற சேர்மானம்) தீந்து போயிருக்கும், சரியான ஸ்பெக் ஆயில மாத்தி ஓட்டுனா பல வண்டில நடுக்கம் குறைஞ்சு போயிரும். சம்ப் பிளக்க கழட்டுனா கிட்டத்தட்ட பாதி ஆயில்தான் வரும், மீதி கன்வர்ட்டர்ல நிக்கும், அதனால ஒரு தடவ மாத்தி கொஞ்ச நாள் ஓட்டிட்டு இன்னொரு தடவ மாத்துறதுதான் சரி.

காரணம் கூலன்டா இருந்தா அது பெரிய சோகம். 2000-க்கு பிறகு முதல் சில வருஷத்துல வந்த மெர்சிடிஸ்ல, டபிள்யூ203, டபிள்யூ211 மாதிரி வண்டிகள்ல, சில ரேடியேட்டர் உள்ளயே உடைஞ்சு கூலன்ட் கியர் ஆயில்ல கலந்துச்சு. ரேடியேட்டருக்குள்ளதான் கியர் ஆயில் கூலரும் இருக்கு, நடுவுல இருக்கிற தடுப்பு போனா ரெண்டும் கலக்கும். ஆயில் பால் மாதிரி ஆகுற அளவுக்கு கூட வேணாம், கூலன்ட்ல இருக்கிற கிளைக்கால் ரொம்ப கொஞ்சமா போனாலே லாக்கப் கிளட்ச் லைனிங் கெட்டு நடுக்கம் ஆரம்பிச்சிரும், கண்ணுக்கு ஆயில் சிவப்பாவே தெரியும். அதனால அந்த காலத்து மெர்சிடிஸ்ல நடுக்கம் வந்தா கிளைக்கால் டெஸ்ட் கிட் வச்சு பாக்காம ஆயில் மாத்தவே கூடாது. இருக்குன்னு தெரிஞ்சா ரேடியேட்டர், கன்வர்ட்டர், ஆயில், ஃபில்டர் எல்லாம் ஒரே நேரத்துல, லைன் எல்லாம் கழுவி. ரேடியேட்டர விட்டுட்டு கன்வர்ட்டர மட்டும் மாத்துனா புது கன்வர்ட்டரும் அதே வழிலதான் போகும். ரேடியேட்டர் பழசுன்னா நடுக்கம் வர்றதுக்கு முன்னாடியே மாத்திடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

கியர் மாறும்போது ஆர்பிஎம் மட்டும் எகிறுது, வண்டி இழுக்கல

இது வந்தா ஓட்டுறத குறைங்க. மத்த அறிகுறிக்கெல்லாம் கொஞ்சம் டைம் இருக்கு, இதுக்கு இல்ல. ஒவ்வொரு தடவ ஸ்லிப் ஆகும்போதும் கிளட்ச் லைனிங் எரியுது, எரிஞ்ச தூள் ஆயில்ல கலந்து வால்வ் பாடில போய் அடைக்குது, அது இன்னும் பிரஷர குறைக்குது.

லெவல் பாருங்க முதல்ல. அது சரியா இருந்து, பி0730 வரிசைல ரேஷியோ கோடு (கியர் விகிதம் தப்பா இருக்குங்கற கோடு) வந்தா எந்த கியர்னு குறிச்சுக்கோங்க. ஒரே ஒரு மாற்றத்துல மட்டும், உதாரணமா 2-லேர்ந்து 3-க்கு போகும்போது மட்டும் எகிறுதுன்னா அந்த ஒரு கிளட்ச், இல்ல அதுக்கான சொலினாய்டு. எல்லா கியர்லயும்னா பொதுவான பிரஷர், பம்ப் அல்லது அடைச்ச ஃபில்டர்.

பிஎம்டபிள்யூ வி8, ஜாகுவார் வி8 வண்டிகள்ல வந்த இசட்எஃப் 5எச்பி24-ல ஏ கிளட்ச் டிரம்முதான் பலவீனமான இடம். அது உடைஞ்சா முன்னாடி போற கியர் போயிரும், ரிவர்ஸ் மட்டும் இருக்கும். அங்க ஆயில் மாத்தி பிரயோஜனம் இல்ல, இறக்கித்தான் ஆகணும், புது டிரம் போடும்போது வால்வ் பாடில தேஞ்ச பிரஷர் ரெகுலேட்டர் வால்வையும் பாக்கணும். ஜாகுவார் எக்ஸ்ஜே8-ல இந்த பாக்ஸ் இருக்கும், அதே தலைமுறை சூப்பர்சார்ஜ்டு எக்ஸ்ஜேஆர்ல மெர்சிடிஸ் 5 ஸ்பீடு இருக்கும், ஸ்பேர் வாங்குறதுக்கு முன்னாடி எந்த பாக்ஸ்னு பாத்துக்கோங்க. 2000-லேர்ந்து 2003 மாடல் வரைக்கும் வந்த ஆக்குரா (ஹோண்டாவோட லக்சரி பிராண்டு) வி6 5 ஸ்பீடும் ஸ்லிப்புக்கு பேர் வாங்குனதுதான், 2004-ல ஹோண்டா ரீகால் பண்ணாங்க.

நிக்கப்போற நேரத்துல பின்னாடி யாரோ தள்ளுன மாதிரி ஒரு ஜெர்க்

3-லேர்ந்து 2, 2-லேர்ந்து 1 இறங்கும்போது வரும். எல்லாரும் கியர்பாக்ஸத்தான் திட்டுவாங்க, ஆனா கியர்பாக்ஸ் மவுண்ட், எஞ்சின் மவுண்ட், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ரப்பர் டிஸ்க், டிஃபரென்ஷியல் புஷ் இதுல எது கிழிஞ்சிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். லிஃப்ட்ல தூக்கி ஷாஃப்ட்ட கையால திருப்பி ஆட்டி பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிரும். அதெல்லாம் நல்லா இருந்தா ஆயில் மாத்தி அடாப்டேஷன் ரீசெட் பண்ணி, முதல் கொஞ்ச நாள் நிதானமா எல்லா கியரும் மாறுற மாதிரி ஓட்டுங்க, கம்ப்யூட்டர் புதுசா கத்துக்கும்.

எலெக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய 4 ஸ்பீடு மெர்சிடிஸ், டபிள்யூ124, டபிள்யூ126 காலத்து 722.3, 722.4 இதுல ஜெர்க்குக்கு வேற காரணம். எஞ்சின் வேக்குவம் வச்சுதான் பிரஷர மாடுலேட்டர் கட்டுப்படுத்துது, அந்த மெல்லிசான வேக்குவம் குழாய் எங்கயாவது வெடிச்சிருந்தா எல்லா கியரும் முரட்டுத்தனமா விழும். மாடுலேட்டருக்குள்ள இருக்கிற டயஃப்ரம் கிழிஞ்சா எஞ்சினே கியர் ஆயில உறிஞ்சு குடிக்கும், சைலன்சர்ல வெள்ள புகை வரும், கீழ ஒரு சொட்டு கூட இருக்காது ஆனா ஆயில் லெவல் மட்டும் குறைஞ்சிக்கிட்டே போகும். வேக்குவம் குழாய மாடுலேட்டர் பக்கம் கழட்டி பாருங்க, உள்ள ஆயில் ஈரம் இருந்தா மாடுலேட்டர மாத்துனா போதும்.

கீழ ஆயில் சொட்டுது, உள்ள ஊளையிடுது

6எச்பில சம்ப்பே பிளாஸ்டிக், ஃபில்டரும் அதோட சேந்தே வரும், வயசானா வளைஞ்சு கசியும். மெக்கட்ரானிக் கனெக்டர் நுழையிற இடத்துல இருக்கிற சீலிங் ஸ்லீவும் அதே மாதிரி, சம்ப்ப மாத்தும்போது இதையும் சேத்து மாத்திருங்க. சத்தம் பார்க்லயும் நியூட்ரல்லயும் ஆர்பிஎம்மோட சேந்து ஏறுனா பம்ப் இல்ல அடைச்ச ஃபில்டர், ஏதோ ஒரு கியர்ல மட்டும் வந்தா உள்ள பேரிங்.

ஒரு தடவ கூட ஆயில் மாத்தாத வண்டி, இப்ப மாத்தலாமா?

மாத்துனா பாக்ஸ் போயிரும்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு. ஸ்லிப் ஆகாத பாக்ஸா இருந்தா தைரியமா மாத்துங்க, மெஷின் போட்டு ஃப்ளஷ் பண்ணாம சம்ப்ப கழட்டி சாதாரணமா. கழட்டுனதும் உள்ள இருக்கிற காந்தத்த பாருங்க, சாம்பல் கலர்ல நைசான சேறு மாதிரி இருந்தா இயல்பான தேய்மானம், பளபளன்னு தகடு தகடா இருந்தா உள்ள ஏதோ உடையுது. ஏற்கனவே ஸ்லிப் ஆகுற பாக்ஸ்ல மாத்தி பிறகு செத்துப்போனா அது ஆயில் மாத்துனதால இல்ல, கிளட்ச் ஏற்கனவே முடிஞ்சிருச்சு.

ஸ்பெக் மட்டும் விட்டுக்குடுக்காதீங்க. மெர்சிடிஸ்ல 236-னு ஆரம்பிக்கிற நம்பர பாத்து வாங்கணும், இசட்எஃப் 6 ஸ்பீடுக்கு லைஃப்கார்டு 6, லெக்சஸ் எல்எஸ்430-ல 2003 வரைக்கும் டி-4, அதுக்கப்பறம் வந்த 6 ஸ்பீடுக்கு டபிள்யூஎஸ். எல்லா பாக்ஸுக்கும் ஒரே ஆயில்னு விக்கிறத நான் இந்த வண்டிகள்ல ஊத்த மாட்டேன்.

சூட்டயும் பாருங்க. 10 டிகிரி கூடுனா ஆயில் கெடுற வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்ங்கறது பொதுவான கணக்கு. ரேடியேட்டர் ஃபேன் சரியா சுத்தாத பழைய கார் டிராஃபிக்ல நிக்கும்போது கியர்பாக்ஸும் சேந்துதான் வேகுது.

நிஜமாவே போச்சுன்னு எப்ப ஒத்துக்கணும்

கருகுன வாடை, சம்ப்ல தகடு, சூடான பிறகு ஒண்ணுக்கு மேல கியர்ல ஸ்லிப், இந்த மூணும் சேந்து இருந்தா ஓவர்ஹால்தான். பழைய இரும்பு கடைல கழட்டுன பாக்ஸ் கிடைக்கும், ஆனா அதுல இருக்கிற ரப்பருக்கும் உங்க வண்டி வயசேதான், மாட்டுறதுக்கு முன்னாடி சம்ப்ப கழட்டி பாத்து ஃபில்டர், சீல், 722.6-னா அந்த 13 பின் புஷ்ஷும் மாத்திட்டு ஏத்துங்க. ஓவர்ஹால்னா கிளட்ச் மட்டும் மாத்துறது பத்தாது, வால்வ் பாடிய சோதிக்கணும், கன்வர்ட்டர வெட்டி சரி பண்ணுன ஒண்ணா வாங்கி போடணும், கூலரையும் லைனையும் கழுவணும் இல்லன்னா கூலரையே மாத்தணும், ஏன்னா பழைய தூள் எல்லாம் அதுக்குள்ளதான் உக்காந்திருக்கும், ஸ்டார்ட் பண்ண உடனே புது பாக்ஸுக்குள்ள வந்துரும். வேலைய குடுக்குறதுக்கு முன்னாடி இந்த நாலும் எஸ்டிமேட்ல எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லன்னா எழுத சொல்லி வாங்குங்க.